ஹரிக்கேனுக்கு உருமறைப்பு நிறம் பூச எயார்பிரஷ் வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கல்முனையில் இருக்கும் ஒரு தம்பிக்கு லண்டனில் உள்ள மாமா ஹோக்கர் ஹரிக்கேன் என்ற இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரித்தானியச் சண்டை விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மொடல் கிட் ஒன்று அனுப்பியிருக்கிறார். ஒட்டி முடித்தாயிற்று. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் தாண்ட (மூழ்கிய) நாட்களில் இலங்கையில் பறந்த விமானமாக அதைச் செய்ய ஆசை. பச்சையும் மண்ணிறமும் கலந்த அந்த உருமறைப்பை எப்படிப் பூசுவது, இரண்டு நிறமும் சேரும் ஓரம் மங்கலாக இருக்க வேண்டுமா கூர்மையாக இருக்க வேண்டுமா, எயார்பிரஷும் (காற்றால் நிறம் தெளிக்கும் பேனா) அதற்குக் காற்று தரும் கொம்பிரசரும் வாங்காமல் சமாளிக்க முடியுமா என்று கேட்கிறார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முடியும். இந்த விமானத்துக்கு, இந்த அளவுக்கு, தூரிகையும் டேப்பும் போதும். காசு மிச்சம் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாலே விளங்கும்.

உண்மையான ஹரிக்கேனின் இறக்கை அகலம் 40 அடி, அதாவது 12.19 மீற்றர். அதை 72ஆல் பிரித்தால் ஏறத்தாழ 169 மில்லிமீற்றர். உங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான். பிரித்தானியத் தொழிற்சாலைகளில் ஸ்பிரே துப்பாக்கியால்தான் நிறம் அடித்தார்கள். ஆனால் இரண்டு நிறமும் சேரும் இடத்தில் அந்த மங்கல் ஓர் அங்குலத்துக்கு மேல் பரவக்கூடாது என்பது எதிர்பார்ப்பு. ஓர் அங்குலம் 1/72 அளவில் 0.35 மி.மீ. நீங்கள் பள்ளிக்கூடத்தில் பாவிக்கும் 0.5 மி.மீ. பென்சிலின் ஈயத்தைவிட அது மெல்லியது. கைநீட்டுத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் கூர்மையான கோடாகத்தான் தெரியும். பழக்கமில்லாத கையால் எயார்பிரஷ் பிடித்தால் ஓரம் இரண்டு மில்லிமீற்றருக்குப் பரவும். அதை 72ஆல் பெருக்கிப் பாருங்கள், 14 சென்ரிமீற்றருக்கு மேல். அப்படி மங்கிய ஓரத்தோடு ஒரு ஹரிக்கேன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்காது. இணையத்தில் எயார்பிரஷால் செய்த புகையான ஓரங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த வேலை அழகு, ஆனால் பல நேரங்களில் அளவு பிழை.

1/48இல் அதே அங்குலம் 0.53 மி.மீ., 1/32இல் 0.79 மி.மீ. அங்கே போனால் மங்கல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அப்போது எயார்பிரஷைப் பற்றி யோசிக்கலாம். ஜேர்மன் மெசர்ஷ்மிற் 109 செய்வதென்றாலும் கதை வேறு. அதன் பக்கவாட்டில் வெளிர் நீலச் சாம்பல் மேல் தெளித்த புள்ளிப் புகைகள் இருக்கும், அவை உண்மையிலேயே ஓரமில்லாதவை. இத்தாலிய விமானங்களின் புகை வளையங்கள் அதைவிடக் கொடுமை. உங்கள் நல்ல காலம், ஹரிக்கேன் அந்த வகை இல்லை.

இனி அந்த நாளைப் பற்றி ஒரு திருத்தம். ஹேர்மிஸைக் காப்பாற்ற வந்தது ஹரிக்கேன் என்று நினைத்துச் செய்கிறீர்கள் போலிருக்கிறது. 1942 ஏப்ரல் 9 காலையில் சீனக்குடாவில் இருந்த 261ஆம் அணியின் ஹரிக்கேன்கள் திருகோணமலைக்கு மேலேயே சண்டையில் இருந்தன. ஹேர்மிஸ் முந்தின இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்திருந்தது. அதனுடைய சொந்த விமானங்கள் கரையில் இருந்தன. விமானமில்லாத விமானந்தாங்கியாகத்தான் நம் கடலில் அது அகப்பட்டது. ஜப்பானியரின் ‘வால்’ (Val) என்ற பெயருள்ள குண்டுவீச்சு விமானங்கள் அதை மிகக் குறுகிய நேரத்தில் மூழ்கடித்தன. கப்டனோடு சேர்த்து 307 பேர் போனார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் தாண்டது. உதவிக்கு அனுப்பப்பட்டவை இரத்மலானையிலிருந்து வந்த கடற்படை ஃபுல்மார் விமானங்கள், அவையும் கப்பல் தாண்ட பிறகே வந்து சேர்ந்தன. ஆகவே உங்கள் ஹரிக்கேனைத் திருகோணமலை விமானமாகவோ ஏப்ரல் 5 கொழும்புத் தாக்குதலில் பறந்ததாகவோ செய்யுங்கள். கொழும்பு என்றால் இரத்மலானையில் 30ஆம் அணி, குதிரைப்பந்தயத் திடலில் 258ஆம் அணி. பந்தயத் திடலில் இருந்த ஹரிக்கேன் என்று ஒரு சிறு பலகை எழுதி வைத்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று கேட்பார்கள்.

நிறத்துக்கு வருவோம். மேற்பக்கம் டார்க் கிரீன், டார்க் ஏர்த் என்ற இரண்டு. தரையில் நிற்கும் விமானம் மேலிருந்து பார்க்கிற எதிரிக்குப் புல்லோடும் உழுத மண்ணோடும் கலந்து தெரிய வேண்டும் என்பதுதான் அந்தச் சோடியின் நோக்கம். 1941 ஆகஸ்டிலிருந்து பிரித்தானியாவில் இருந்த பகல் சண்டை விமானங்களுக்கு மண்ணிறத்தை எடுத்துவிட்டு ஓஷன் கிரே என்ற சாம்பலைக் கொண்டுவந்தார்கள். சண்டை கடலுக்கு மேலும் உயரத்திலும் நடக்கத் தொடங்கியதால் வந்த மாற்றம் அது. நம் பக்கத்து ஹரிக்கேன்களில் மண்ணிறம் போர் முழுக்கத் தொடர்ந்தது. பல கிட்களில் இரண்டு திட்டமும் தந்திருப்பார்கள். சாம்பல் உள்ள படத்தைப் பார்த்து இலங்கை விமானம் செய்யக்கூடாது. கீழ்ப்பக்கத்துக்குக் கிட் தாள் ஸ்கை என்று சொன்னால் அதையே எடுங்கள். அது நீலமில்லை, பச்சை கலந்த வெளிர் நிறம்.

எந்தப் பெயின்ட்? ஹம்ப்ரோலில் டார்க் ஏர்த்துக்கு 29, டார்க் கிரீனுக்கு 163, ஸ்கைக்கு 90. டமியாவில் பச்சைக்கு எக்ஸ்.எஃப். 81, மண்ணுக்கு எக்ஸ்.எஃப். 52, ஸ்கைக்கு எக்ஸ்.எஃப். 21. ஆனால் தூரிகைக்கு டமியாவை நான் சொல்லமாட்டேன். இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். எயார்பிரஷில் அருமையான பெயின்ட், தூரிகையில் தலையிடி. வலேஹோ போன்ற நீர் கலக்கும் அக்ரிலிக், அல்லது ஹம்ப்ரோல் எனாமல், இரண்டில் ஒன்று. எனாமலும் தின்னரும் தீப்பற்றும் சாமான், விமானப் பயணப் பொதியில் கொண்டுவர விடமாட்டார்கள். மாமா வரும்போது வாங்கிவரச் சொல்வதென்றால் நீர் அக்ரிலிக்கையே சொல்லுங்கள். எனாமல் வேண்டுமென்றால் கொழும்பில் தேடுங்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால் புத்தகக் கடையில் விற்கும் ஓவிய அக்ரிலிக் ரியூப்பும் வேலை செய்யும். எரித்த அம்பர், மஞ்சள் ஓக்கர், கொஞ்சம் வெள்ளை சேர்த்தால் மண்ணிறம் வரும். ஒக்சைட் பச்சையில் கறுப்பும் துளி ஓக்கரும் சேர்த்தால் கரும்பச்சை. முழு விமானத்துக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலந்து சிறு போத்தலில் மூடி வையுங்கள். இரண்டாம் முறை கலந்தால் அதே நிறம் வராது. ஓவிய அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிக்காது, ஆகவே அதற்குக் கீழே பிரைமர் என்ற அடிப்பூச்சு கட்டாயம்.

பிரைமர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஹாட்வெயார் கடையில் விற்கும் மோட்டார் வாகனச் சாம்பல் பிரைமர் ஸ்பிரே ரின்கள் சில, மெல்லிய பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் அடித்து, ஒருநாள் விட்டு, நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாகவோ மெதுவாகவோ ஆகியிருந்தால் அந்த ரின்னை வேறு வேலைக்கு வையுங்கள். பிரைமருக்கு முன் விமானத்தைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவிக் காயவிட வேண்டும், கைப் பிசுக்கு இருந்தால் டேப்போடு நிறமும் உரிந்து வரும்.

காலநிலையையும் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் காயும் நேரங்கள் நமக்குப் பொருந்தாது. மார்கழி மழைக் காலத்தில் காற்றே ஈரம். அப்போது ஸ்பிரே ரின்னில் மட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தால் வெண்பால் படிந்த மாதிரி ஆகிவிடும். மழைவிட்டு வெயில் ஏறிய முற்பகலில் மட்டும் அடியுங்கள். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசும்போது நிலைமை தலைகீழ். அக்ரிலிக் தூரிகையிலேயே உலரும், பூசும்போது இழுபடும். அதிகாலையில் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். உலர்வைத் தாமதிக்கும் ரிடார்டர் ஒரு துளி சேர்த்தால் தூரிகைக் கோடுகள் தாமாகவே மட்டமாகும். பூசியதும் மேலே ஓர் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். கடற்கரை வீடுகளில் மணல் தூசி, மழைக்காலத்தில் ஈசல், இரண்டுக்கும் அதுதான் மருந்து.

இனி பூசும் முறை. முதலில் கீழ்ப்பக்கத்து ஸ்கை, அது காய்ந்ததும் மூடிக் கட்டிவிட்டு, மேற்பக்கம் முழுவதும் மண்ணிறம். பச்சைக்கு இடம் விட்டுப் பூச வேண்டாம், எல்லா இடத்துக்கும் மண்ணிறம் போகட்டும். வெளிர் நிறத்தை மூடக் கருநிறத்துக்கு இரண்டு மூன்று பூச்சு போதும். மறுபக்கமாகப் போனால் ஆறு பூச்சுப் போட்டாலும் பச்சை அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். தூரிகை தட்டையானது, செயற்கை மயிர், 6 மி.மீ. அளவு. பெயின்ட்டை ஒரு பூச்சில் மூடுமளவுக்குத் தடிப்பாக எடுக்காதீர்கள். முதல் பூச்சு அசிங்கமாக, திட்டுத் திட்டாக, பிரைமர் தெரியத்தான் இருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பயந்து அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்ப்பதுதான் எல்லோரும் கெடுக்கிற இடம். விட்டுவிட்டு, காய்ந்த பிறகு குறுக்குத் திசையில் அடுத்தது. மூன்றாவது நான்காவது பூச்சில் மேற்பரப்பு ஒன்றாகிவிடும். எனாமல் என்றால் பூச்சுக்கு ஒருநாள் இடைவெளி.

உருமறைப்பின் வடிவத்தைக் கண்ணால் பார்த்து வரைய வேண்டாம். இது ஏனோதானோ என்று அடித்த கறையல்ல. விமான அமைச்சு வரைபடம் கொடுத்து, ஒவ்வொரு ஹரிக்கேனிலும் வளைவுகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழும்படி செய்த வேலை. ஆனால் போரின் தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான இரண்டு வடிவங்கள், ஏ என்றும் பி என்றும், பாவனையில் இருந்தன. பிறகு பி கைவிடப்பட்டது. 1940 புகைப்படம் ஒன்றில் வளைவுகள் உங்கள் கிட் தாளுக்கு இடம்வலம் மாறித் தெரிந்தால் தாள் பிழை என்று நினைக்காதீர்கள். 1942 விமானத்துக்கு ஏ வடிவத்தையே எடுங்கள்.

கிட் தாளில் மேலிருந்து பார்க்கும் படம் இருக்கும். அதில் இறக்கை அகலத்தை அடிமட்டத்தால் அளந்து, 169ஐ அந்த எண்ணால் பிரியுங்கள். படத்தில் 85 மி.மீ. இருந்தால் ஏறத்தாழ 199 வீதம். போட்டோகொப்பிக் கடையில் அந்த வீதத்தைச் சொன்னால் விமானத்தின் அளவிலேயே கடதாசி கிடைக்கும். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று வெட்ட, ஒன்று பார்க்க. பச்சைத் திட்டுகளை வெட்டியெடுத்து இறக்கையில் வைத்து ஓரத்தைக் கீறுங்கள். சாதாரணப் பென்சில் வேண்டாம், அதன் கரி அக்ரிலிக் ஊடாகத் தெரியும். மண்ணிறத்துக்குக் கிட்டிய பழுப்புக் கலர் பென்சில் நல்லது. இறக்கையில் கடதாசி அச்சொட்டாகப் பொருந்தும். உடற்பகுதியின் தோளில்தான் சிக்கல். மேல் படமும் பக்கப் படமும் வளைவில் ஒன்றையொன்று சந்திக்காது. அங்கே மேல் படத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கி, பக்கப் படத்துக் கோட்டோடு கண்ணளவில் இணையுங்கள். கோடு இறக்கையிலிருந்து உடலுக்கு ஏறும் அடிமூலையில் முறியாமல் ஓட வேண்டும், பார்க்கிறவர் கண் முதலில் போவது அந்த இடத்துக்குத்தான். விமானி இருக்கும் கண்ணாடிக் கூட்டின் சட்டத்தையும் மறக்க வேண்டாம். அது எந்தத் திட்டுக்குள் வருகிறதோ அந்த நிறம்.

கீறிய பிறகு இரண்டு வழி. கை நிதானமானவர் என்றால் மெல்லிய உருண்டைத் தூரிகையால் பச்சையின் ஓரத்தை வரைந்து, தட்டைத் தூரிகையால் உள்ளே நிரப்பலாம். டேப்பே தேவையில்லை. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், கையால் வந்த கோட்டில் ஒரு உயிர் இருக்கும். கை நடுங்கும் என்றால் டேப். ஹாட்வெயார் கடை மஞ்சள் மாஸ்கிங் டேப்பின் ஓரம் பல் பல்லாக இருக்கும், அப்படியே ஒட்டினால் பெயின்ட் உள்ளே ஒழுகும். கண்ணாடித் துண்டில் ஒட்டி, புது பிளேடால் ஓரத்தை வெட்டியெறிந்துவிட்டு, நடுப்பகுதியிலிருந்து 1 மி.மீ. அகல நாடாக்களாக வெட்டுங்கள். அந்த மெல்லிய நாடா வளைவுக்கு வளையும், அகலமானது சுருங்கித் தூக்கும். ஒட்டுமுன் உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பசை கொஞ்சம் குறையும், அடிநிறத்தை உரிக்காது.

டேப் ஒட்டியதும் உடனே பச்சையை எடுக்க வேண்டாம். முதலில் டேப்பின் ஓரமாக அடிநிறமான மண்ணிறத்தையே மெல்லியதாக ஒரு தடவை பூசுங்கள். டேப்புக்கு அடியில் ஒழுகுவதற்கு வழி இருந்தால் மண்ணிறமே ஒழுகி அந்த வழியை அடைத்துவிடும், மண்ணிறத்தின் மேல் மண்ணிறம் தெரியாது. அதன் பிறகு பச்சை எவ்வளவு பூசினாலும் ஓரம் சுத்தம். தூரிகையை டேப்பிலிருந்து பச்சைப் பக்கமாக இழுங்கள், டேப்பை நோக்கித் தள்ளாதீர்கள். கடைசிப் பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுதாக இறுகுமுன், டேப்பைத் தன்மேலேயே மடித்துத் தாழ்வாக இழுத்து எடுங்கள். ஓரத்தில் மேடு தட்டுப்பட்டால் 2000 இலக்க அரத்தாளை நனைத்து ஓரிரு தடவை தடவினால் போதும்.

நிறத்தின் அழுத்தம் பற்றியும் கேட்பீர்கள். சிறிய மொடலில் உண்மை நிறத்தை அப்படியே பூசினால் கறுத்துத் தெரியும் என்பதால் கொஞ்சம் வெளிறச் செய்வார்கள். பத்து வீதம் வரை நானும் செய்வேன். ஆனால் பச்சையில் வெள்ளையைக் கலந்தால் புதினா மிட்டாய் நிறம் வந்துவிடும். பச்சைக்கு மஞ்சள் சார்ந்த வெளிர்மண் நிறத்தைக் கலவுங்கள், மண்ணிறத்துக்கு வெள்ளை பரவாயில்லை.

பெயின்ட் உரிந்து வெள்ளி தெரிகிற மாதிரிச் செய்ய ஆசை வரும். ஹரிக்கேனில் அதற்கு எல்லை உண்டு. இந்த விமானத்தின் பின் உடற்பகுதி மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. வாலும் சுக்கானும் துணிதான். துணியிலிருந்து அலுமினியம் தெரியாது. இயந்திர மூடிகள், விமானி ஏறி மிதிக்கும் இறக்கையடி, துப்பாக்கிக் கதவுகள் ஆகியவற்றில் மட்டும் வெள்ளி நிறத்தைக் கடற்பஞ்சுத் துண்டால் லேசாகத் தட்டலாம். பின்னுடலில் வெள்ளிக் கீறல் உள்ள ஹரிக்கேன்களைப் போட்டிகளில்கூடக் காணலாம். தெரிந்தவர்களுக்கு அது உடனே உறுத்தும்.

டெக்கலுக்கு (சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுத் தாள்) முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு வேண்டும். மட் நிறத்தின் நுண்ணிய சொரசொரப்பில் காற்று அகப்பட்டால் டெக்கலின் அடியில் வெள்ளி மாதிரி மின்னும், பிறகு அதைப் போக்குவது கஷ்டம். டெக்கல் காய்ந்தபின் மட் வார்னிஷ். வட்டச் சின்னத்தை ஒட்டுமுன் காலத்தைப் பாருங்கள். 1942 ஏப்ரலில் உடற்பகுதியில் இருக்க வேண்டியது சிவப்பு, வெள்ளை, நீலம், வெளியே மஞ்சள் என வளையங்கள் ஏறத்தாழச் சம அகலத்தில் உள்ள பழைய வகை. வெள்ளையும் மஞ்சளும் மெலிந்த வகை 1942 நடுப்பகுதியில்தான் வந்தது. வால் செட்டையிலும் அதே கதை, மூன்று பட்டையும் சம அகலம். சிவப்பே இல்லாத நீலச் சின்னங்கள் அதற்கும் பிந்தியவை, ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று 1943இல் கொண்டுவந்தவை. கிட்டில் மூன்று விமானங்களுக்கான டெக்கல்கள் இருந்தால் அவற்றைக் கலந்து ஒட்டிவிடாதீர்கள்.

பக்கத்தில் ஜப்பானியரின் சண்டை விமானமான ஸீரோ ஒன்றையும் வைக்க விருப்பம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். வையுங்கள், அதில் உருமறைப்பு வேலையே கிடையாது. 1942 ஏப்ரலில் வந்த ஸீரோக்கள் முழுதும் பச்சை படிந்த வெளிர் சாம்பல் ஒரே நிறம், இயந்திர மூடி மட்டும் கறுப்பு. மேற்பக்கம் பச்சையான ஸீரோ அடுத்த ஆண்டுதான். ஸீரோ எந்த விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்தது என்று தெரிவு செய்யும்போது காகா என்ற கப்பலின் குறியீடுகளை ஒதுக்கிவிடுங்கள். பேர்ள் துறைமுகத்துக்குப் போன ஆறு விமானந்தாங்கிகளில் அது மட்டும் பழுதுபார்க்க ஜப்பானுக்குத் திரும்பிவிட்டது, நம் பக்கம் வரவில்லை.